எஞ்சிய மதிப்பு

வணிகவியல் பயின்றவர்களுக்குத் தேய்மானக் கணக்கு எளிதில் மறக்காது. இயந்திரத்தின் அடக்கவிலையிலிருந்து எஞ்சிய மதிப்பைக் கழித்து, வரும் தொகையை அதன் ஆயுட்காலத்தால் வகுத்தால் ஓராண்டின் தேய்மானம் கிடைத்துவிடும். கல்லூரியில் எங்களுக்குத் தரப்பட்ட கணக்குகளில் எஞ்சிய மதிப்பு பெரும்பாலும் சுழியாகவே இருக்கும். கணக்கும் விரைவில் முடியும். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வங்கிப் பணியில் இருந்தும், பயன் தீர்ந்த ஒரு பொருளில் என்ன எஞ்சியிருக்கிறது என்று நான் நின்று எண்ணிப் பார்த்ததில்லை. சண்டிகருக்குப் பணிமாற்றம் பெற்றுச் சென்றபோதுதான் அதற்கு வாய்ப்பு அமைந்தது. அதுவும் நான் செய்த ஒரு தவற்றின் வழியாக.

அப்பா மறைந்த சில மாதங்களில் அம்மாவை எங்களுடன் அழைத்துக்கொண்டேன். கோவில்பட்டிக்கு அருகே கரிசல் நிலத்தில் பருத்தியும் மிளகாயும் விளைவித்த கைகள் அவருடையவை. சண்டிகரில் நாங்கள் குடியிருந்தது இரண்டாம் மாடியில். மேலே மொட்டை மாடி. கீழே வீட்டு உரிமையாளரான முதிய சர்தார்ஜி, இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு இந்தியோ பஞ்சாபியோ தெரியாது. மே மாத வெயிலில் வெளியே செல்லவும் இயலாது. நாங்கள் அலுவலகத்துக்கும் மகள் பள்ளிக்கும் சென்றபின் வீட்டில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை.

அவர் பொருள்களைச் சேர்க்கத் தொடங்கினார். கைப்பிடி உடைந்த வாளி, விரிசல் விட்ட டப், ஆப்பிள் வந்த மரப்பெட்டி, யாரோ கழித்துப்போட்ட சைக்கிள் சக்கரத்தின் வளையம் என மாடிப்படிக்கு அடியில் ஒரு குவியல் வளர்ந்தது. என் மனைவி முகம் சுளித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கபாடிக்காரரின் தள்ளுவண்டி தெருவில் குரல் கொடுத்துச் சென்றது. நம் ஊரில் பழைய இரும்புக்காரர் என்போமே, அவர்தான். அம்மா குளித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, குவியல் முழுவதையும் ஏற்றி அனுப்பிவிட்டேன். 340 ரூபாய் கொடுத்தார்.

அம்மா வெளியே வந்து பார்த்தார். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“ஏய்யா, அப்பா விதை போட்டு வச்ச டப்பாவையுமா போட்டுட்ட?”

ஊரிலிருந்து அவர் கொண்டுவந்த பழைய தகர டப்பா அது. உள்ளே துணி முடிச்சில் பீர்க்கு, வெண்டை, அவரை விதைகள் இருந்திருக்கின்றன. அந்தக் குவியலில் அது இருந்ததையே நான் கவனிக்கவில்லை. மறுநாள் அலுவலகத்துக்குச் செல்லும் முன் கபாடிக்காரரின் கொட்டகையைத் தேடிப்பிடித்தேன். டப்பா ஏற்கெனவே தட்டையாக நசுக்கப்பட்டு மற்றத் தகரங்களுடன் கட்டாகிவிட்டிருந்தது. துணி முடிச்சை மட்டும் அவர் ஓர் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். எடைக்கு ஆகாத பொருள் என்பதால் அது தப்பியது. அம்மா அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார், எதுவும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுவதும் அவர் என்னுடன் அளவாகவே பேசினார்.

சமாதானம் செய்யும் எண்ணத்தில் அடுத்த ஞாயிறன்று அவரை ராக் கார்டனுக்கு அழைத்துச் சென்றேன். சண்டிகருக்கு விருந்தினர் வந்தால் அழைத்துச் செல்லும் முதலிடம் அது. அதற்குமேல் எனக்கு அன்று வேறு நோக்கம் இல்லை.

அந்தத் தோட்டத்தை உருவாக்கியவர் நேக் சந்த் சைனி. 1924இல் இன்றைய பாகிஸ்தானில் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்து, நாட்டுப் பிரிவினையால் ஊரை இழந்து இந்தியாவுக்கு வந்த குடும்பம் அவருடையது. லெ கார்பூசியரின் திட்டப்படி சண்டிகர் எழுந்துகொண்டிருந்த காலத்தில் அவர் பொதுப்பணித் துறையில் சாலை ஆய்வாளராக இருந்தார். புதிய நகருக்காகப் பல கிராமங்கள் இடிக்கப்பட்டிருந்தன. இடிபாடுகளில் கிடந்த ஓடு, பீங்கான், குழாய், வளையல் துண்டு ஆகியவற்றையும், ஆற்றோரத்தில் விந்தையான வடிவங்களில் கிடந்த கற்களையும் தம் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுவந்து, சுக்னா ஏரிக்கு அருகே எவரும் எதுவும் கட்டக்கூடாது என்று ஒதுக்கப்பட்டிருந்த காட்டுப்பகுதியில் சேர்த்தார். 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய இப்பணி, அலுவலக நேரம் முடிந்தபின், பெரும்பாலும் இரவுகளில், ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் மறைவாகவே நடந்தது. 1970களின் நடுவில் அதிகாரிகள் கண்டறிந்தபோது அங்கே முற்றங்களும் நடைபாதைகளும் நூற்றுக்கணக்கான உருவங்களும் இருந்தன.

சட்டப்படி அது அரசு நிலத்தில் அனுமதியின்றி எழுந்த கட்டுமானம்; இடித்துத்தள்ள வேண்டியது. கடன் விண்ணப்பத்தில் நில ஆவணத்தைச் சரிபார்க்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில், அவர் செய்ததை வாசகர்களுக்கு நான் பரிந்துரைக்க இயலாது. ஆயினும் மக்கள் ஆதரவு பெருகியதால் நிர்வாகம் அதை இடிக்கவில்லை. 1976இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நேக் சந்துக்கு ஊதியத்துடன் கூடிய பொறுப்பும், உதவிக்குத் தொழிலாளர்களும் வழங்கப்பட்டனர். 1983இல் அத்தோட்டம் அஞ்சல்தலையில் இடம்பெற்றது. 1984இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2015ஆம் ஆண்டு ஜூன் மாதம் தமது தொண்ணூறாம் வயதில் காலமானார்.

இந்த வரலாற்றை எல்லாம் நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. சுவர்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். தார்ப் பீப்பாய்களால் ஆன சுவர், பழைய மின்சாரப் பீங்கான் பொருத்திகளைப் பதித்த சுவர், கழிவறைப் பீங்கான்களை உடைத்து ஒட்டிய உருவங்கள். சிமென்ட் மூட்டையின் வடிவத்திலேயே இறுகிப்போன கட்டிகளைக்கூட அங்கே வீணாக்கவில்லை. உடைந்த வளையல் துண்டுகளை ஆடையாகப் பதித்த பெண் உருவங்கள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு வந்தபோது அம்மா நின்றுவிட்டார்.

“ஏய்யா, இம்புட்டு வளையலும் யாரு யாரு கையில கெடந்ததோ.”

அவர் கைகளில் வளையல் இல்லாமற்போய் அப்போது பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன. நான் பதில் சொல்லவில்லை. கூட்டம் எங்களைக் கடந்து சென்றது. நெடுநேரம் கழித்து அவரே நடக்கத் தொடங்கினார். வெளியே வந்ததும், கபாடிக்காரரின் கொட்டகை எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டார்.

இப்படித்தான் எங்கள் மாடித்தோட்டம் தொடங்கியது. நான் 340 ரூபாய்க்கு விற்ற பொருள்களில் சிலவற்றை அதே கபாடிக்காரரிடம் 500 ரூபாய் கொடுத்துத் திரும்ப வாங்கினோம். சைக்கிள் வளையமும் மரப்பெட்டியும் அவற்றுள் அடக்கம்.

முதல் தடை வீட்டு உரிமையாளர். மாடித்தளம் தாங்குமா, நீர் கசியுமா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. இருபது லிட்டர் வாளி ஒன்றில் நனைந்த மண் நிரம்பினால் ஏறத்தாழ 25 முதல் 30 கிலோ இருக்கும். அத்தகைய வாளிகள் முப்பது ஓரிடத்தில் குவிந்தால் பத்துப் பதினைந்து பேர் அங்கேயே நிரந்தரமாக நின்றுகொண்டிருப்பதற்குச் சமம். ஆகவே தளத்தின் நடுப்பகுதியைத் தவிர்த்து, கீழே சுவரும் விட்டமும் உள்ள ஓரங்களில் மட்டும் தொட்டிகளை வரிசைப்படுத்தினோம். ஒவ்வொன்றையும் செங்கல் துண்டுகளின் மீது உயர்த்தி வைத்தோம். அடியில் காற்றோட்டம் இருந்தால் தளம் உலரும். எறும்பும் பாசியும் சேரா. மண்ணைத் தனியே இடாமல் மண், மக்கிய இலை, மக்கிய சாணம் மூன்றையும் கலந்ததால் எடையும் குறைந்தது. தொட்டியின் அடியில் விரற்கடை அளவில் ஐந்தாறு துளைகள் இல்லையென்றால் எவ்வளவு நல்ல மண்ணும் சேறாகி வேரை அழுகச் செய்யும். இதை நான் இரண்டு கத்தரிச் செடிகளைக் கொன்று கற்றேன்.

வட இந்தியாவில் கழிவாகக் கிடைக்கும் ஒரு பொருள் நம் ஊர்ப்பக்கம் அரிது: பழைய ஏர் கூலர். கோடைதோறும் பல வீடுகளில் துருப்பிடித்த கூலர் உடல்கள் கழிக்கப்படும். அதன் அகன்ற அடித்தட்டு நான்கைந்து விரல் ஆழம்தான் இருக்கும் என்றாலும் சாமந்திக்கும் ஜீனியாவுக்கும் போதுமானது. பக்கவாட்டில் இருக்கும் மரச்சுருள் மெத்தைகளைப் பிரித்து மண்ணின் மேல் மூடாக்காகப் பரப்பினால் மே, ஜூன் வெயிலில் ஈரம் காக்கும். உப்புப் படிந்த மெத்தையை மட்டும் நன்கு அலசிக்கொள்ள வேண்டும். சைக்கிள் வளையங்கள் இரண்டை ஒரு குழாயின் மேலும் கீழுமாகக் கட்டி, இடையே அம்மாவின் பழைய சேலைக் கிழிசல்களைத் திரித்துக் கயிறாக இழுத்தோம். அப்பாவின் விதையிலிருந்து முளைத்த பீர்க்கு ஜூலை மழையில் அதில்தான் ஏறியது. முளைத்தவை ஏழு, அவரை விதை ஒன்றுகூட முளைக்கவில்லை.

சமையலறைக் கழிவுக்குத் தனி வாளி வைத்தோம். பக்கங்களில் துளையிட்டு, ஒரு பங்கு காய்கறித் தோலுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை என அடுக்கி, வாரம் இருமுறை கிளறினால் கோடையில் இரண்டு மாதங்களில் உரம் தயார். நாற்றம் வந்தால் காய்ந்த இலை போதவில்லை என்று பொருள். சாலையோர மரங்கள் நிறைந்த சண்டிகரில் இலைக்குப் பஞ்சமே இல்லை.

தட்டுகளில் தேங்கும் நீரைப் பற்றியும் ஒரு சொல். டெங்குவைப் பரப்பும் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏழெட்டு நாள்களே போதும். வாரம் ஒருமுறை ஞாயிறன்று எல்லாத் தட்டுகளையும் கவிழ்த்து உலர்த்துவது என் மகளின் பொறுப்பாயிற்று.

எங்கள் கிளையில் அப்போது பழைய மர அலமாரிகள் கழிக்கப்பட்டு ஏலத்துக்கு வந்தன. பேரேடுகள் அடுக்கிய தேக்குச் சட்டங்கள்; மாடித்தோட்டத்துக்கு எத்தனை அருமையான தாங்கிகளாக இருந்திருக்கும்! கிளை அதிகாரியே ஏலம் கேட்பது முறையன்று என்பதால் ஒரு தச்சர் அவற்றை வண்டியில் ஏற்றிச் செல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். கழித்த பொருளில் தோட்டம் போடுவோர் பலரும் வெற்றிகளைப் படம் பிடித்துக் காட்டுவர். எதை எடுத்துவரக் கூடாது என்பது குறித்து அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

அக்டோபரில் குளிர்காலக் கீரைக்காகப் பெரிய தொட்டி தேவைப்பட்டது. வேறொரு கபாடிக் கடையில் நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டபோது “தவாயி” என்றார். மருந்து. மருந்துதானே, தூய்மையான பொருளாகவே இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். சோப்பு நீரில் கழுவி, நீளவாக்கில் இரண்டாக வெட்டி, பாலக் விதைத்தோம். மூன்று வாரங்களில் பச்சைப் பசேலென்று எழுந்தது. என் மகள் தானே நீர் ஊற்றி வளர்த்த பாத்தி அது. முதல் அறுவடையைச் சூப்பாக்க வேண்டும் என்று நாள் குறித்திருந்தாள்.

அதற்கு முந்தைய நண்பகல், வெயிலில் காய்ந்திருந்த அந்தப் பாத்திக்கு அம்மா நீர் விட்டார். மண்ணிலிருந்து எழுந்த ஆவியை முகர்ந்தவர் குனிந்து பீப்பாயின் விளிம்பை முகர்ந்து பார்த்தார்.

“இதுல என்ன இருந்ததுன்னு சொன்னான்?”

“மருந்தாம்மா.”

“எந்த மருந்து? இது பருத்திக்கு அடிக்கிற மருந்து வாடைய்யா.”

கோவில்பட்டியில் மருந்து என்றால் என்ன பொருளோ, பஞ்சாபின் வயல்களில் தவாயி என்றாலும் அதே பொருள்தான். மருந்தகத்தில் கிடைப்பதும் தவாயி. பருத்திக்குத் தெளிப்பதும் தவாயி. இரு மொழிகளுக்கும் பொதுவான இந்தச் சொல்வழக்கு தமிழ் பேசும் எனக்குத் தோன்றவில்லை. இந்தி தெரியாத அம்மாவுக்கு ஒரு முகர்தலில் புரிந்துவிட்டது. கடைக்காரரிடம் மீண்டும் சென்று கேட்டேன். வயல்பக்கத்திலிருந்து வந்தது என்று இயல்பாகச் சொன்னார். ஏமாற்றும் எண்ணம் அவரிடம் இல்லை. நான் கேட்ட கேள்விக்கு அவர் முன்பே உண்மையான விடையைத்தான் சொல்லியிருந்தார்.

கீரை முழுவதையும் பிடுங்கினோம். மகள் அழுதாள். கீரையையும் மண்ணையும் உறையில் கட்டி, வெட்டிய பீப்பாயுடன் அபாயகரக் கழிவு என்று குறித்து மாநகராட்சி ஊழியரிடம் தனியே ஒப்படைத்தோம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், வண்ணப்பூச்சு டிரம்களையும் பூச்சிக்கொல்லிக் கலன்களையும் வீட்டு அபாயகரக் கழிவுகளாகவே வகைப்படுத்தின. அவற்றைக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம் என்பது வீட்டில் நாம் செய்துகொள்ளும் கற்பனை. பிளாஸ்டிக் தன்னுள் ஊறியதை எளிதில் விடாது.

பூச்சிக்கொல்லிக் கலனை இனங்காண ஒரு வழி உண்டு. இந்தியாவில் விற்கப்படும் பூச்சிக்கொல்லிகளின் சீட்டில் சாய்சதுரக் குறி ஒன்று இருக்கும். அதன் கீழ்ப்பாதியின் நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டும்: சிவப்பு மிகக் கடுமை, அடுத்து மஞ்சள், பின்னர் நீலம், பச்சை. எந்த நிறமாயினும் அக்கலன் தோட்டத்துக்கு ஆகாது. சீட்டே இல்லாத பீப்பாய் அதைவிட ஐயத்துக்குரியது. வண்ணப்பூச்சு வாளிகளைப் பலர் தொட்டியாக்குகின்றனர். நாங்கள் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அவற்றை வாங்குவதை நிறுத்திவிட்டோம். சரக்கு ஏற்றும் மரத்தட்டுகள் கிடைத்தால் அவற்றில் சுட்ட முத்திரையைப் பார்க்க வேண்டும். எச்.டி. என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயுவால் பதப்படுத்தியது. ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளை வெட்டவோ உடைக்கவோ கூடாது; அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. பழைய கதவு, சன்னல் சட்டங்களின் உரியும் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைச் சுரண்டித் தேய்ப்பது நன்றன்று.

இத்தனைக்கும் பின் அம்மா வகுத்த விதி எளியது. சமையலறையில் இருந்த கலனில் சமையலுக்கு ஆவது வளரலாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாததில் பூ. வாடை வந்தால் வாசலோடு சரி.

சர்தார்ஜி ஒருநாள் மேலே வந்து பார்த்துவிட்டு, தம் வேலியோரம் இருந்த கறிவேப்பிலை மரத்தின் வேரில் முளைத்த கன்று ஒன்றைப் பெயர்த்துத் தந்தார். அங்கே அதற்கு மீட்டா நீம் என்று பெயர். விரிசல் விட்ட வாளியில் நட்டோம். டிசம்பர் மூடுபனியில் அது வாடத் தொடங்கியது. ஜனவரியில் இரவு வெப்பநிலை ஐந்து பாகைக்கும் கீழே இறங்கிய நாள்களில் இலை முழுவதையும் உதிர்த்துக் குச்சியாக நின்றது. கரிசல் மண்ணில் குளிருக்கு இலை உதிர்க்கும் கறிவேப்பிலையை அம்மா கண்டதில்லை. பட்டுப்போயிற்று என்று பிடுங்கப் போனவரை சர்தார்ஜி தடுத்தார். “மாதாஜி, பைசாகி வரை பொறுங்கள்” என்று அவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். பைசாகி ஏப்ரல் நடுவில், நம் சித்திரைப் பிறப்பை ஒட்டி வருவது. மார்ச் இறுதியிலேயே கணுக்களில் செம்பச்சைத் துளிர் கட்டியது. அதன் பிறகு அவர்கள் இருவருக்கும் என் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

கணக்கு எழுதாமல் எனக்கு உறக்கம் வராது. முதலாண்டில் விதை, சாணம், செங்கல், துளையிடும் கூலி, தூக்கியெறிந்த பீப்பாய் உட்பட 3,480 ரூபாய் செலவு. விளைந்தவற்றின் சந்தை மதிப்பு 2,150 ரூபாய். நட்டம் 1,330. தொட்டிகளை மூலதனச் செலவாகக் காட்டி மூன்றாண்டுகளுக்குப் பகிரலாம் என்று மனைவியிடம் வாதிட்டேன். கபாடிப் பொருளுக்குத் தேய்மானம் எழுதும் முதல் அதிகாரி நான்தான் என்று சிரித்தாள். இரண்டாம் ஆண்டில் செலவு 900 ரூபாயாகக் குறைய, விளைச்சல் 3,900 ரூபாய்க்கு வந்தது. மாடித்தோட்டத்தால் குடும்பச் செலவு பாதியாகும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். வெயில் படாத பிளாஸ்டிக் பல ஆண்டுகள் வரும். மொட்டை மாடி வெயிலில் இரண்டு மூன்று கோடைகளில் மொறுமொறுவென்று நொறுங்கிவிடும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் ஆண்டில் போபாலுக்குப் பணிமாற்ற ஆணை வந்தது. வீட்டுப் பொருள்களை ஏற்றிச் செல்பவர் மண் நிரம்பிய எதையும் ஏற்ற மறுத்தார். முப்பத்தொரு தொட்டிகளும் சர்தார்ஜியின் பொறுப்பில் அங்கேயே இருக்கின்றன. அம்மா எடுத்துவந்தது முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய் இரண்டின் விதைகளை மட்டும். அதே துணி முடிச்சில்.

சர்தார்ஜி வாரந்தோறும் கைப்பேசியில் படம் அனுப்புகிறார். சைக்கிள் வளையத்தில் பீர்க்கு தொங்கும் சென்ற வாரப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அம்மா, காய் முற்றவிட்டுவிட்டார், நார் கட்டிவிடும், உடனே பறிக்கச் சொல் என்றார். சொன்னேன். போபால் வீட்டில் எங்களுக்கு மொட்டை மாடி இல்லை. கிழக்கு நோக்கிய சிறிய பால்கனி ஒன்று உண்டு. காலையில் நான்கு மணி நேரம் வெயில் விழுகிறது. கீரைக்குப் போதும் என்கிறார்.